கரடி பொம்மைக்கு ஏர்பிரஷ்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மோஹேர் (அங்கோரா ஆட்டு முடியில் நெய்த) துணியில் தைத்த கரடியின் கண்ணைச் சுற்றி, காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் நிழல் கொடுத்தேன். முடி கொத்துக் கொத்தாக ஒட்டி விறைத்துவிட்டது. பெயின்ட் மட்டமானதா?

பதில்: பெரும்பாலும் பெயின்ட் மீது தப்பில்லை. ஒரே இடத்தில் ஈரம் சேர்ந்தால் அக்ரிலிக் பெயின்ட்டில் உள்ள பிசின் முடிகளைச் சேர்த்துப் பிடித்துவிடும். பெயின்ட் பால் பதத்தில் இருக்கட்டும். நீர்க்க வைக்க வெறும் தண்ணீரை விட, பெயின்ட் கம்பெனியே தரும் தின்னர் (நீர்க்க வைக்கும் திரவம்) நல்லது. தண்ணீர் அதிகமானால் மோஹேரில் முத்து முத்தாக நிற்கும். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), தூரம் 6 முதல் 8 செ.மீ. போதும்.

ஏர்பிரஷ்ஷின் விசையை முதலில் கீழே அழுத்துங்கள். காற்று மட்டும் வரும். கை நகரத் தொடங்கிய பிறகே விசையை மெதுவாகப் பின்னால் இழுங்கள், பெயின்ட் வரும். முடிக்கும்போது பெயின்ட்டை நிறுத்திய பிறகுதான் கை நிற்க வேண்டும். கை நின்ற இடத்தில்தான் பொட்டு விழும். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு, மிதமான சூட்டில் ஹேர் டிரையர் காட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் முடியைக் கலைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 'இன்னும் நிறமே ஏறவில்லையே' என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் காரியம் கெடுகிறது. லேசான நாலைந்து பூச்சு, ஒரு கனமான பூச்சை விட எப்போதும் மேல்.

ஏற்கெனவே விறைத்ததை ஊசி முனையால் முடிமுடியாகப் பிரித்து, உலோகச் சீப்பால் வாருங்கள். காய்ந்த அக்ரிலிக் கழுவினால் போகாது. பிரியாத நுனிகளைச் சின்னக் கத்திரியால் வெட்டிவிடலாம்.

கேள்வி: மூக்கைச் சுற்றிய நிழல், வாரியதும் இடம் மாறுகிறதே?

பதில்: முடி படிந்திருக்கும் திசையிலேயே தெளித்தால் நுனிதான் நிறமாகும், நுனி நகர்ந்தால் நிழலும் நகரும். எதிர்த் திசையில் தெளித்தால் நிறம் வேர் வரை இறங்கும். மூக்கு, வாய்ப் பகுதி முடியைக் கத்தரிப்பதாக இருந்தால் தெளிப்பதற்கு முன்பே கத்தரித்துவிடுங்கள். பின்னால் வெட்டினால் போட்ட நிறமும் முடியோடு போய்விடும். கறுப்பைத் தொடாதீர்கள். பொன்னிற மோஹேரில் கறுப்பு, அழுக்குப் பட்டது போலத் தெரியும். அடர் பழுப்பில் ஆரம்பியுங்கள். முதலில் அதே துணியின் வெட்டுத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடுவில் ஏர்பிரஷ் துப்புகிறது. பெயின்ட்டை எவ்வளவு நீர்க்க வைத்தும் நிற்கவில்லை.

பதில்: ஏர்பிரஷ்ஷுக்குள் இருக்கும் ஊசியின் முனையைப் பாருங்கள். அக்ரிலிக் அங்கே காய்ந்து கட்டியாகும். தின்னரில் நனைத்த காட்டன் பட்ஸால் அவ்வப்போது துடைத்தால் சரியாகும். அப்படியும் துப்பினால், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெஸ்ஸரிலிருந்து தண்ணீர் வரலாம். குழாயில் ஈரப்பொறி (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் சிறு வடிகட்டி) மாட்ட வேண்டும். ஊசி முனை வளைந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். வெள்ளையில் நிறமிப் பொடி கனம் என்பதால், 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் முனைத் துளை) அடிக்கடி அடைக்கும். 0.5 போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடிக் கண் மாட்டிய பிறகு தெளிக்கலாமா?

பதில்: தாராளமாக. கண் வைத்த பிறகுதான் முக பாவம் தெரியும், நிழல் எங்கே வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும். வட்டமாக வெட்டிய காகிதத்தில் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு கீறல் கொடுத்து, கண்ணின் அடியில் செருகுங்கள். மாஸ்கிங் திரவம் (பெயின்ட் படாமல் இருக்கப் பூசி, காய்ந்ததும் உரிப்பது) வேண்டாம்; முடியில் பட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். கண்ணில் தெறித்ததை உடனே ஈரக் காட்டன் பட்ஸால் துடைத்தால் போய்விடும்.

கேள்வி: குழந்தைக்கான பொம்மை. சூடு காட்டினால் நிறம் நிற்குமா?

பதில்: துணிக்கான பெயின்ட் என்றால் அதன் டப்பாவில் சொன்ன சூட்டில் நிலைக்கும். இஸ்திரிப் பெட்டி முடியைத் தட்டையாக்கிவிடும், டிரையரே மேல். செயற்கை ரோமம் உருகக்கூடும், அதிலும் சூட்டைக் குறையுங்கள். வாயில் வைத்துச் சப்பும் வயதுக் குழந்தைக்கு ஏர்பிரஷ் வேண்டவே வேண்டாம். அதற்கு நிழல் நிறத்தில் வேறு துணியே வைத்துத் தைத்துவிடுங்கள். இன்னொன்று, தண்ணீர் கலந்த பெயின்ட்தானே என்று முகக்கவசம் இல்லாமல் தெளிக்காதீர்கள். நுண்துளிகள் நுரையீரலுக்குள் போகும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.