பின்னால் விங் போட்டால் வண்டி அமுங்கி ஓடுமா? வாசகர் கேள்விகளுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பட்டறைக்காரர் பதில்

மாமா, என்னிடம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 5 ஜிடிஐ கார் இருக்கிறது. வண்டியை நன்றாக இறக்கி, 19 அங்குல வீல் போட்டிருக்கிறேன். ஊருக்குள் அம்சமாக ஓடுகிறது. ஆனால் என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும்போது 120-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடுகிறது, வண்டி மிதக்கிறது. பின்னால் பெரிய விங் போட்டால் அமுங்கி ஓடும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?
(பீனிக்ஸ் வாசகர்)

தம்பி, 120-தான் இங்கே வேகவரம்பு. அதற்கு மேல் என்ன ஆகிறது என்பதை நீங்கள் எனக்கு எழுதியே இருக்கக் கூடாது. எழுதிவிட்டீர்கள், போகட்டும். தொழிற்சாலையிலிருந்து 230-க்கு மேல் ஓடக்கூடியதாக வந்த வண்டி அது. 120-லேயே மிதக்கிறது என்றால் குறை வண்டியின் பிறப்பில் இல்லை, பிறகு நாம் செய்ததில்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் டிக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. பீனிக்ஸிலிருந்தோ சாட்ஸ்வர்த்திலிருந்தோ இறக்கிய ஜிடிஐ வந்தால் நான் பானெட்டைத் திறப்பதற்கு முன் டிக்கியைத்தான் திறப்பேன். பெரும்பாலும் உள்ளே ஒரு கனத்த மரப்பெட்டி, அதில் இரண்டு 12 அங்குல சப்வூஃபர், பக்கத்தில் ஆம்ப். ஒரு ஆள் பின் ஆக்சிலுக்கும் பின்னால் உட்கார்ந்து வருகிற பாரம். பின்பக்கம் அமுங்க, மூக்கு தூக்கும். முன் சக்கரங்களின் மேல் இருக்கவேண்டிய எடையில் கொஞ்சம் பின்னால் போய்விடும். மூக்கு தூக்கினால் பம்பருக்கு அடியில் காற்று கூடுதலாகப் புகுந்து முன்பக்கத்தை இன்னும் தூக்கும். காற்றின் விசை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் இருமடிப்படி ஏறும். 100-லிருந்து 140-க்குப் போனால் தூக்கும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 120-லிருந்து 240 என்றால் நான்கு மடங்கு. பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒழுங்காக இருந்த வண்டி ஹைவேயில் வேறு வண்டியாக மாறுவது இதனால்தான்.

இப்போது விங்குக்கு வருவோம். உங்கள் வண்டி முன் சக்கர டிரைவ், உங்கள் புகார் முன்பக்கம் லேசாகிறது என்பது. விங் நிற்பது பின் ஆக்சிலுக்குப் பின்னால். அது பின்பக்கத்தை அமுக்கினால், ஆக்சிலை அச்சாக வைத்து முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்கும். நோய் தலையில் இருக்க, மருந்தைக் காலில் தடவச் சொல்கிறார்கள் உங்கள் நண்பர்கள்.

ஆகவே காசு செலவில்லாததை முதலில் செய்யுங்கள். பெட்டியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காற்று வைத்து, அதே சாலையில் 120-லேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு அத்தோடு பாதி குறை போய்விடும்.

மீதிக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றவேண்டும். முன் லோயர் ஆர்மின், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமோடு பிணைக்கிற கையின், பின்பக்க ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் முழுசாகத்தான் தெரியும். நெம்புகோலை ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவில் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினால், நடுவில் சுற்றிவர கிழிந்திருக்கிற பிளவு வாய் திறக்கும், உள்ளே விரல் நகம் நுழையும். அந்த இடைவெளி அளவுக்கு உங்கள் முன் சக்கரம் பிரேக் போட்டால் பின்னால் போகிறது, ஆக்சிலேட்டர் மிதித்தால் முன்னால் வருகிறது. போகும்போதும் வரும்போதும் சக்கரத்தின் கோணம் மாறும். ஸ்டியரிங்கை நீங்கள் ஒருபக்கம் பிடித்திருக்க, புஷ் ஒருபக்கம் வண்டியை ஓட்டும்.

புஷ் மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது இயந்திரக்காரருக்குத் தானம் கொடுப்பது. அங்கே போனால் "நாலு சக்கரமும் பார்க்கணும்" என்று சொல்லி, முன், பின் அளவு இரண்டும் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். நம்மூரில் பலர் முன் டோவை, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கிற கோணத்தை, மட்டும் திருப்பிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். வேகத்தில் வண்டியை நேராகப் பிடித்து வைப்பது பின் சக்கரம். இரண்டு பின் சக்கரங்களும் முன்பக்கமாகக் கொஞ்சம் உள்நோக்கி இருக்கவேண்டும். அதைத்தான் டோ-இன் என்பது. மொத்தமாக 20 நிமிடக் கோணம் என்று வைத்தால், அதாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான அகலம் பின்விளிம்புகளைவிட 3, 4 மில்லிமீட்டர்தான் குறையும். இந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் திரும்பிப்போனால், லேன் மாறும்போது பின்பக்கம் தானாக ஒரு முடிவெடுக்கும். உங்கள் வண்டியில் பின் டோ, பின் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கிற கோணம்) இரண்டையும் திருப்பி வைக்க தொழிற்சாலையே போல்ட் கொடுத்திருக்கிறது. முடியாது என்று யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று. வண்டியை அதிகமாக இறக்கினால் ஸ்டியரிங் ராடும் லோயர் ஆர்மும் ஒரே சாய்வில் இல்லாமல் போகும். மேடுபள்ளம் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானே கொஞ்சம் திரும்பும். இதை அலைன்மென்ட் இயந்திரம் காட்டாது, ஏனென்றால் அங்கே வண்டி அசையாமல் நிற்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் அழகு குறையும்தான், நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜிடிஐக்காரர்கள் சண்டை போடுகிறார்கள் மாமா: ஸ்பாய்லர் என்பது வெறும் அலங்காரமா, உண்மையிலேயே வேலை செய்யுமா?
(மெர்பேங்க் வாசகர்)

செய்யும், அளந்து செய்தால். 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-ன் பின்னால் வாத்து வால் மாதிரி நிமிர்ந்து நிற்பது அழகுக்கு வைத்ததில்லை. பின்பக்கம் தூக்குவதைக் குறைக்க வைத்தது. அதைவிடப் பொருத்தமான கதை ஆடி டிடி. 1998-ல் வந்த முதல் டிடி வழுவழுவென்று, பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. ஜெர்மன் ஆட்டோபானில் பெரும் வேகத்தில் லேன் மாறும்போதும் வளைவிலும் பின்பக்கம் விலகி விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டிக்கி மூடியின் விளிம்பில் சின்ன ஸ்பாய்லர் ஒன்றை வைத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை, சஸ்பென்ஷனை மாற்றினார்கள், வண்டி விலகினால் தானே பிரேக் பிடித்து நேராக்குகிற இஎஸ்பி-யும் கொடுத்தார்கள். காற்றுச் சுரங்கமும் சோதனைப் பாதையும் கையில் வைத்திருக்கிறவர்களே ஸ்பாய்லரை மட்டும் நம்பவில்லை. கடையில் இரண்டு ஸ்க்ரூவோடு வருகிற விங்கை நீங்கள் எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐயா, ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தோம். லெனேசியாவில் புறப்படும்போது நாலு டயரிலும் 2.2 பார் அழுத்தம் வைத்தேன். மறுநாள் காலை டர்பனில் பார்த்தால் நாலிலும் 2.0-தான். நாலும் ஒரே நாளில் பஞ்சரா?
(லெனேசியா வாசகர்)

பஞ்சர் இல்லை, மலை இறங்கி வந்தீர்கள். உங்கள் லெனேசியா இருக்கிற ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றுமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. உங்கள் ஊரில் வெளிக்காற்று மெலிந்தது, டர்பனில் கனத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 0.18 பார். டயருக்குள் ஒரு துளி காற்றுகூடக் குறையாமலே மானி அவ்வளவு இறங்கிக் காட்டும். கடற்கரையில் காலை வெயில் அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், 10 டிகிரிக்கு 0.1 பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலு பேர், பெட்டி, பிரசாதப் பாத்திரம் எல்லாம் ஏற்றிய வண்டிக்கு ஏற்கெனவே கூடுதல் காற்று வேண்டும். அதில் 0.2 குறைவாக வைத்துக்கொண்டு திரும்பினால் டயரின் பக்கச்சுவர் வளைந்து, லேன் மாற்றினால் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். டர்பனில் காற்று வையுங்கள், வீடு போய்ச் சேர்ந்ததும் மறுநாள் காலை கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நைட்ரஜன் போட்டால் இது நடக்காதா என்று அடுத்த கடிதம் வரும். நடக்கும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

போகிறபோக்கில் ஒன்று: டர்பனின் கனத்த காற்று, அதே வேகத்தில் உங்கள் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதிகமாக வண்டியைப் பிடித்துத் தள்ளும், தூக்கும். உங்கள் ஊரில் அடக்கமாக ஓடுகிற வண்டி கடற்கரைக்கு வந்தால் கொஞ்சம் நிலைகொள்ளாமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் வைத்திருக்கிறேன், அப்பா வைத்திருந்தது. டவுன் ஹில் இறக்கத்தில் வளைவின் நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசப் பார்க்கிறது. ஷாக்ஸ் (அதிர்வுதாங்கிகள்) புதுசு. வேறு என்ன?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

நல்ல சொத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுக்கென்றே செய்த வண்டி, அந்த 2.7 லிட்டர் எஞ்சினுக்கு இன்றைக்கும் டவுன்ஷிப் பையன்கள் உயிரை விடுகிறார்கள். ஆனால் பின் சக்கரங்களைத் தாங்கி நிற்பது சாய்வாகப் பொருத்திய கை, செமி டிரெயிலிங் ஆர்ம் என்பது. காலை எடுத்ததும் எடை முன்னால் ஓடுகிறது, பின்பக்கம் எழும்புகிறது, சக்கரம் டோ-இன்னை விட்டு வெளிப்பக்கம் நழுவுகிறது. புது வண்டியிலேயே கொஞ்சம் இந்தக் குணம் உண்டு. முப்பது வருஷத்துப் பழைய ரப்பர் அதைப் பல மடங்காக்கும்: டிரெயிலிங் ஆர்ம் புஷ், பின் சப்ஃப்ரேமைத் தாங்குகிற இரண்டு பெரிய புஷ், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலைத் (டிஃப்) தாங்குகிற மவுண்ட். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அசைவை வாங்கிக்கொள்ளும். தொழிற்சாலை ரப்பரே போதும். கல் மாதிரி பாலியூரித்தேன் போட்டால் டிஃப் சத்தம் வீட்டுக் கூடம் வரை வரும்.

இந்த வண்டியில் பின் டோவையும் கேம்பரையும் திருப்பி வைக்கத் தொழிற்சாலை வழி வைக்கவில்லை. ஆகையால் அதிகம் இறக்காதீர்கள், இறக்கினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து காட்டிக்கொடுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி போவது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். முன் ஸ்பாய்லரைச் சரளைக்கல் உடைக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். முன்னும் பின்னும் ஜோடியாகத்தான் கொடுத்தார்கள்.

என் மகன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கப்போகிறேன் என்கிறான். புது ஸ்பிரிங் வாங்கக் காசில்லையாம். ஆபத்து உண்டா?
(சாட்ஸ்வர்த் வாசகி)

உண்டு அம்மா. வெட்டிய முனை ஷாக்கின் தட்டில் சரியாக உட்காராது. மேட்டில் ஏறி சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடலாம். கேஸ் கட்டரால் வெட்டினால் சூடுபட்ட இடத்தில் எஃகின் பதமே கெட்டுவிடும். வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகும், பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டினால் சக்கரம் துள்ளித் துள்ளித் தரையை விடும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் இதையெல்லாம் செய்தால் பணம் கேட்கும் நாளில் தகராறு வரும் என்றும் சொல்லுங்கள், அது அவன் காதில் ஏறலாம். காசு சேரும்வரை தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு ஓட்டட்டும். வேகமாக ஓட்டியே தீரவேண்டும் என்றால் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வே இருக்கிறது, அங்கே எதிரில் லாரி வராது.

என்3-ல் இடது லேனில் போனால் வண்டி தானாக இங்கும் அங்கும் இழுக்கிறது. வலது லேனில் இல்லை.
(பைன்டவுன் வாசகர்)

லாரிகள் பதித்த தடம். அகலமான, பக்கம் தாழ்ந்த டயர் அந்தப் பள்ளத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கும். டயர் அகலத்தைக் குறைத்தால் குறையும். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கிற வீல் ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இந்த மாதம் இரண்டு புது டயர்தான் வாங்க முடியும். போலோ ஜிடிஐ, முன் சக்கர டிரைவ். முன்னால்தானே போடவேண்டும்?
(டோங்காட் வாசகர்)

பின்னால். முன்னால் பிடிப்பு போனால் வண்டி நேராக வழுக்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். மழையில் பின்னால் பிடிப்பு போனால் சுழலும், அதை மீட்கும் கை நம்மில் பலருக்குக் கிடையாது. முன்னால்தான் சீக்கிரம் தேய்கிறது என்று கடையில் வாதாடுவார்கள். தேய்வது உண்மைதான், அதனால் இருக்கிற பழைய டயர்களில் நல்ல இரண்டை முன்னால் மாற்றச் சொல்லுங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். எச் என்றால் மணிக்கு 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. ஜிடிஐக்கு எச் தள்ளிவிடப் பார்ப்பார்கள், விலை குறைவு என்று. அதே சுவரில் டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருஷமும். 3219 என்றால் 2019-ன் 32-ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரைப் புதுசு என்று விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.