காபியின் மேல் பழி போடாதீர்கள்; அந்த ஒரு பல்லைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. சொந்த ஊர் தர்மபுரி பக்கம் ஒரு கிராமம், வேலை பெங்களூரில். சிறு வயதிலிருந்தே முன்பற்களில் இருந்த பழுப்புக் கறையை மறைப்பதற்காக, மூன்று வாரங்களுக்கு முன்பு மேல்வரிசையில் ஆறு பற்களுக்குப் பீங்கான் வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டிக்கொண்டேன். அடுத்த மாதம் திருமணம். சாப்பிடக் கூடாதவை என்று ஒரு நீண்ட பட்டியலைக் கிளினிக்கில் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே பழக்கதோஷத்தில் சூடாக ஃபில்டர் காபி குடித்துவிட்டேன். பயந்துபோய் அன்றிலிருந்து காபி, மஞ்சள் சேர்த்த குழம்பு, முறுக்கு, எலுமிச்சைச் சாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தயிர்ச்சாதம்தான் சாப்பாடு, தண்ணீரும் ஸ்ட்ராவில்தான். ஃப்ளூரைடு பேஸ்ட்டையும் விட்டுவிட்டேன். மற்றப் பற்களில் லேசான கூச்சம் இருக்கிறது. ஒரு பல் மட்டும் ஒன்பது நாட்களாகச் சூடு பட்டால் வலிக்கிறது, இரவிலும் எழுப்பிவிடுகிறது. ஃபிரிட்ஜ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் அடங்குகிறது. வலி மாத்திரையும், அறைத்தோழியிடம் மீதமிருந்த ஆன்டிபயாடிக்கும் போட்டுக்கொள்கிறேன். வெனீருக்குள் பல் அழுகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இனி நான் என்னென்ன சாப்பிடலாம்?

பதில்: இரண்டாம் நாள் குடித்த அந்தக் காபியால் உங்கள் பல்லுக்கு எதுவும் நேரவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தவறு செய்துவிட்டோம், டாக்டர் திட்டுவார் என்ற எண்ணத்தில்தான் ஒன்பது நாட்களாக அவரிடம் போகாமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. வெனீரை ஒட்டும் பசை ஒளி பாய்ச்சி இறுக வைக்கப்படுவது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே அதன் பெரும்பகுதி இறுகிவிடும், ஒரு நாளில் முழுவதும் இறுகிவிடும். மறுநாள் குடித்த ஒரு டம்ளர் காபி அதைக் கரைக்கவும் முடியாது, உள்ளே புகுந்து பல்லைக் கெடுக்கவும் முடியாது. காபி பட்டபோது வலித்தது என்றால், ஏற்கெனவே உள்ளே இருந்த தொந்தரவை அந்தச் சூடு வெளியே காட்டிக்கொடுத்தது என்று பொருள்.

இனி அந்த ஒரு பல்லைப் பற்றி. சூடு பட்டால் வலிப்பதும், தூக்கத்திலிருந்து எழுப்புவதும், குளிர்ந்த நீரில் அடங்குவதும் ஒரே பல்லில் சேர்ந்து வந்தால், எந்தப் பல் மருத்துவரும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான கூழ் இருக்கிறது. வெனீர் ஒட்டுவதற்காகப் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைச் சீவும்போது எழும் சூடும் அதிர்வும் சில வேளைகளில் அந்தக் கூழைப் புண்படுத்திவிடும். பெரும்பாலான பற்கள் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடுகின்றன, ஒன்றிரண்டு மட்டும் ஆறுவதில்லை. புண்பட்ட கூழ் வீங்க முயலும்போது, சுற்றிலும் இருக்கும் கெட்டியான சுவர் அதற்கு இடம் கொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தவுடன் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் அது விண்விண்ணென்று தெறிக்கிறது. குளிர்ந்த நீர் அந்த அழுத்தத்தைச் சற்றே தணிப்பதால் இதமாக இருக்கிறது. நீங்கள் கைவைத்தியம் போல எழுதியிருக்கும் அந்த ஃபிரிட்ஜ் தண்ணீர்தான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி.

மற்ற ஐந்து பற்களில் இருக்கும் கூச்சம் வேறு. குளிர்ச்சி பட்டதும் சுரீரென்று வந்து, சில நொடிகளில் மறைந்துவிடும் கூச்சம் சீவிய பற்களுக்கு இயல்பானது; நாளுக்கு நாள் குறைந்துவரும். பொட்டாசியம் நைட்ரேட்டோடு ஃப்ளூரைடும் கலந்த, கூச்சத்துக்கான பேஸ்ட்டைக் காலையும் இரவும் இரண்டு வாரம் பயன்படுத்துங்கள், போதும்.

ஆன்டிபயாடிக்கை இன்றே நிறுத்துங்கள். பிறருக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்துபோன நான்கைந்து மாத்திரைகளை, எந்த நோய்க்கென்று தெரியாமல், எத்தனை நாளுக்கென்று தெரியாமல் விழுங்குவதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கூழின் வீக்கத்தை ஆன்டிபயாடிக் ஆற்றாது என்பது பல் மருத்துவத்தில் ஐயமில்லாமல் நிறுவப்பட்ட ஒன்று. அரைகுறையாக உண்பதால் கிருமிகள் மருந்துக்குப் பணியாமல் போவதுதான் மிச்சம். வலி மாத்திரையோ, ஏறத்தாழ மூன்று வாரமாகத் தயிர்ச்சாதம் மட்டுமே கண்ட வயிற்றைப் புண்ணாக்கலாம்; அதைவிட மோசம், பல் உங்களிடம் சொல்ல வருவதை வாயடைத்துவிடும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதையும் தொடங்கிவிடாதீர்கள். ஈறு வெந்துபோய், வெனீரின் ஓரத்தில் புதிதாக ஒரு புண் வரும்.

ஒரு நாள் காலை அந்த வலி தானாகவே சுத்தமாக நின்றுவிடலாம். நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கூழ் செத்துப்போனாலும் வலி அப்படித்தான் நிற்கும். பிறகு சில வாரங்களோ மாதங்களோ கழித்து, உங்கள் கணக்கில் சரியாகத் திருமணத்தை ஒட்டி, வேரின் நுனியில் சீழ் கட்டி மேலுதடும் கன்னமும் வீங்கக்கூடும். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றாலோ, கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வெனீருக்குள் பல் அழுகிவிடும் என்ற வீடியோவை மறந்துவிடுங்கள். பல்லைக் கூர்முளை போலச் சீவிக் காட்டும் அந்தப் படங்கள் பெரும்பாலும் முழுப் பல்லையும் மூடும் கிரவுனுக்காகச் சீவப்பட்டவை. வெனீருக்கு வழக்கமாக முன்பக்கத்தில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரைதான் எடுப்பார்கள். கறை ஆழமாக இருந்தால் சற்றுக் கூடுதலாக எடுத்திருக்கலாம், அந்த ஒரு பல்லில் அப்படி நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் ஆகக் கூடுதலாக என்ன நேரும்? வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனல். மேல்முன்பற்களுக்கு அதைப் பல்லின் பின்பக்கமாகத் துளையிட்டுச் செய்வார்கள். முன்னால் ஒட்டிய வெனீரைப் பெரும்பாலும் தொட வேண்டியதே இருக்காது, பல்லைப் பிடுங்கும் பேச்சுக்கும் இடமில்லை. கீழ்ப்பல்லோடு சேரும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவதாலும் கூழ் புண்படும். முட்டும் இடத்தைச் சற்றுத் தேய்த்துவிடப் பத்து நிமிடம் போதும். இரண்டில் எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒட்டிய கிளினிக்கிற்குப் போகத் தயக்கமாக இருந்தால், விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். காபி குடியுங்கள், ஸ்ட்ரா இல்லாமல். பீங்கானின் வழவழப்பான பரப்பில் காபியும் மஞ்சளும் ஏறாது. பீங்கான் முடிகிற விளிம்பில் தெரியும் பசைக்கோட்டில்தான் பல ஆண்டுகளில் மெல்லிய கறை படியலாம், குடித்தபின் வாயைக் கொப்பளித்தால் அதுவும் குறையும். உங்கள் கையில் இருக்கும் பட்டியல், தற்காலிக வெனீர் ஒட்டியவர்களுக்கும், பல்லை வெளுக்கச் செய்துகொண்டவர்களுக்கும், காம்போசிட் எனும் பல்நிறப் பிசின் பூசிக்கொண்டவர்களுக்கும் சேர்த்து அச்சிட்டதாகத் தெரிகிறது. காம்போசிட்டில் மஞ்சள் கறை நன்றாகவே பிடிக்கும். அந்தப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது. எலுமிச்சைச் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். புளிப்பு பட்ட எனாமல் சிறிது நேரம் இளகியிருக்கும் என்பதால், உடனே பல் துலக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள்.

நீங்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது கடிக்கும் விதத்தில். உங்கள் பழுப்புக் கறை, ஃப்ளூரைடு மிகுந்த நீரால் வந்தது என்று ஊரைச் சொன்னதுமே புரிந்துகொண்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் கோலார் என்று வருபவர்களிடம் நாங்கள் அன்றாடம் பார்ப்பதுதான். அத்தகைய எனாமல் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது. ஒட்டுவதற்கு முன் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கும்போது அது போதிய அளவு சொரசொரப்பாகாததால், மற்றவர்களுக்குப் பிடிப்பதைவிட ஒட்டு சற்று வலுக்குறைவாக அமையக்கூடும். ஆகவே முறுக்கு, தட்டை, இங்கே கிடைக்கும் நிப்பட்டு, கோடுபளே எதையும் முன்பல்லால் கடிக்காமல், கையால் உடைத்துக் கடைவாயில் போட்டு மெல்லுங்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கிச் சாப்பிடுங்கள், சோளக்கதிரை உதிர்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் உரிப்பது இந்தப் பற்களுக்கு இனி என்றைக்கும் கூடாது. கல்யாண நேரத்தில் கொண்டை ஊசியைப் பல்லால் விரிப்பதும், நூலைக் கடித்து அறுப்பதும் முறுக்கைவிட மோசமானவை.

ஃப்ளூரைடு பேஸ்ட்டை இன்றிரவே மீண்டும் தொடங்குங்கள். அந்தக் கறை, நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரால் ஏற்பட்டது; ஃப்ளூரைடு மிகுந்த நீருக்குப் பதிலாகக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தபோது உங்கள் முன்பற்கள் முளைத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். வளர்ந்து முடிந்த பல்லில் பேஸ்ட்டால் புதிதாக அந்தக் கறை வராது. வெனீரின் விளிம்பில் சொத்தை விழாமல் காப்பது அதே ஃப்ளூரைடுதான். உமிக்கரி, கரித்தூள் பேஸ்ட் ஆகியவை பீங்கானின் பளபளப்பைக் கீறிவிடும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

நாளைக் காலை கிளினிக்கிற்குப் போன் செய்யும்போது, “பல் கூசுகிறது” என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுவார்கள். “சூடு பட்டால் வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது, குளிர்ந்த நீரில் அடங்குகிறது, ஒன்பது நாளாகிறது” என்று அப்படியே சொல்லுங்கள். அன்றைக்கே நேரம் கேளுங்கள். என்னென்ன மாத்திரை போட்டீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.