பூனை ஏறினால் அலறும் அலாரம்

கே: பூனை இருந்தாலும் தொல்லை வராது என்று சொல்லித்தான் இந்தத் திருட்டு அலாரத்தை விற்றார்கள். ராத்திரி அது ஷோகேஸ் மேல் ஏறினாலே சைரன் அடிக்கிறது. பூனையை ரூமில் பூட்டி வையுங்கள் என்கிறார் கடைக்காரர். (வாசகி, குன்னூர்)

ப: பூனை ஏறத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். அலாரத்தை அடிக்க வைக்கும் சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. உடம்புச் சூடு இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. ‘பெட் இம்யூன்’ என்று விற்கும் ரகம், தரையோரமாகப் போகும் சிறு பிராணியைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைத்தது. ஷோகேஸ் மேல் போய்விட்டால் பூனை சென்சாருக்கு நேரெதிரே, பக்கத்தில் நிற்கிறது. அதன் சூடு ஆள் அளவுக்குத் தெரியும். நம் மலையில் சுவரும் சில்லென்று இருப்பதால் உடம்புச் சூடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதெல்லாம் மேனுவலில் இருக்க வேண்டிய விஷயம்: எத்தனை கிலோ வரை, எத்தனை அடி உயரத்தில் மாட்ட வேண்டும், எதிரே என்ன இருக்கக் கூடாது. அட்டைப்பெட்டியிலோ ஒரு நாய்ப் படம், ஒரு பூனைப் படம், அவ்வளவுதான். எனக்கும் அந்தப் படத்தைக் காட்டித்தான் விற்றார்கள். மாட்ட வந்த பையன் மேனுவலைத் தன் பையிலேயே கொண்டுபோய்விட்டான். மாற்றித் தரச் சொன்னதற்கு, பெட்டியைப் பிரித்தாயிற்றே என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டை வந்து பார்க்காமல், என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்காமல் இந்தப் பொருளை விற்கவே கூடாது.

அவர்கள் சொன்ன வாக்கைக் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப் போதும், அழித்துவிடாதீர்கள். மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை ஹால் சென்சாரை நிறுத்திவிட்டு, கதவு ஜன்னலுக்கு மேக்னெட் சென்சார் போடுங்கள். அது திறந்தால்தான் அடிக்கும்.

கே: ரூம் ஹீட்டர் போட்டால் அலாரம் அடிக்கிறது. (லவ்டேல்)

ப: ஹீட்டருக்கும் கணப்புக்கும் எதிரே சென்சார் இருக்கக் கூடாது. வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

கே: ஹாலுக்கு வாங்கியதை போர்டிகோவில் மாட்டினேன். குரங்கு வந்தாலும் அடிக்கிறது. கரடி வந்தால் தெரியுமே என்று விட்டு வைத்திருக்கிறேன். (கோத்தகிரி)

ப: கழற்றுங்கள். உள்ளறைச் சென்சார் வெளி ஈரத்துக்குச் செய்யப்பட்டதல்ல, பூச்சி மொய்த்தாலும் அடிக்கும். பத்துத் தடவை குரங்குக்கு அடித்தால் பதினோராவது தடவை அலட்சியமாகக் கதவைத் திறப்பீர்கள், அப்போது கரடி நிற்கலாம். சந்தேகம் வந்தால் கதவைத் திறக்காமல் வனத்துறைக்கு போன் செய்யுங்கள்.

கே: எங்கள் லாப்ரடார் 34 கிலோ. விலை குறைவாக இருந்ததால் வாங்கினேன். பெட்டியில் 18 கிலோ வரை என்று இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். பில்லும் வாங்கவில்லை. நஷ்டஈடு கிடைக்குமா? (ஊட்டி)

ப: 18 என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. படிக்காமல் வாங்கிவிட்டு யாரிடம் நஷ்டஈடு கேட்பீர்கள்? பில் தராதது கடைக்காரர் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். இன்றே போய் பில் கேளுங்கள். கூடுதல் பணம் கட்டிப் பெரிய நாய்க்கான ரகம் தருவார்களா என்றும் கேளுங்கள், ஆனால் முதலில் எண்ணைப் படியுங்கள்.