சிறுநீரகம் நன்றாகத்தானே இருக்கிறது, அதன் நரம்பை ஏன் சுட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றும் சாப்பிட்டும் பிபி 160/95-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் சரியாக உள்ளன. சிறுநீரக நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார் டாக்டர். நன்றாக இருக்கும் உறுப்பில் ஏன் கைவைக்க வேண்டும்? செய்துகொண்டால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பெரும்பாலும் நிறுத்த முடியாது. அந்த நம்பிக்கையில் மட்டும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

சிறுநீரகம் ரத்தத்தை ஒழுங்காகச் சுத்திகரிக்கிறதா என்பதைத்தான் கிரியாட்டினின் காட்டும். அதற்குள் போகும் நரம்புகள் எவ்வளவு முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன என்பது அதில் தெரியாது. பயத்திலும் கோபத்திலும் நம் இதயத்தைப் படபடக்க வைக்கும் பரிவு நரம்புகளின் கிளைகள் அவை. சிறுநீரகத் தமனியின் வெளிச்சுவரை ஒட்டியே உள்ளே செல்கின்றன. தூண்டல் லேசாக இருந்தாலே சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கத் தொடங்கும். அதன் தொடர்ச்சியாக ரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின், உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்கள் கூடும். தூண்டல் இன்னும் ஏறினால், சிறுநீரில் போக வேண்டிய உப்பு நேரடியாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அதற்கும் மேலே போனால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டமே குறையும். மூன்றுமே பிபியை ஏற்றுபவை.

இது ஒருவழிப் போக்குவரத்து அல்ல. சிறுநீரகத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகளும் உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ அதற்கு ரத்தம் போதாமல் போனாலோ, அவை மூளையை உசுப்பி உடல் முழுவதும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில், செயலிழந்த சிறுநீரகங்கள் உடலிலேயே இருந்தவர்களுக்குத் தசைகளுக்குச் செல்லும் பரிவு நரம்புகள் மிகையாகத் துடித்தன. இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டவர்களிடம் அந்த மிகைத் துடிப்பு இல்லை.

நரம்பு இல்லாமல் சிறுநீரகம் எப்படி வேலை செய்யும் என்ற பயம் வேண்டாம். மாற்று அறுவை சிகிச்சையில் பொருத்தப்படும் சிறுநீரகம் நரம்புகள் துண்டிக்கப்பட்டே வருகிறது. அப்படியும் வேலை செய்கிறது.

சிகிச்சையில், தொடையிடுக்குத் தமனி வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிவரை செலுத்தி, ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ சுற்றியுள்ள நரம்புகளைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வார்கள். சுடும்போது வலிக்கும் என்பதால் மயக்க மருந்து தருவார்கள். வந்த புதிதில் இது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆனால் 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் சுமார் 14 புள்ளி இறங்க, சிகிச்சை செய்வதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் சுமார் 12 இறங்கியது! கண்காணிப்பில் இருப்பவர்கள் மாத்திரைகளை இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு கருவிகளையும் முறையையும் திருத்திச் செய்த ஆய்வுகளில் உண்மையான பலன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. பலன் மிதமானதுதான்: சராசரியாக ஒரு மாத்திரை தரும் அளவு. ஆளுக்கு ஆள் மாறும். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இதுவரை இல்லை.

அதனால், உங்கள் நிலையில் நான் உடனே கதீட்டருக்குப் போக மாட்டேன். முதலில் வீட்டில் ஒரு வாரம் அளந்து பாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை. கை பருமனாக இருந்து, அதில் சுற்றும் பட்டை (கஃப்) சிறியதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை உண்டா? இரண்டையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை அவ்வப்போது விட்டுவிடுவது உண்டென்றால் அதையும்தான்.

ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோன், ரெனின் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்களிடம் ஆல்டோஸ்டீரோனை மிகையாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் கோளாறு அடிக்கடி தவறவிடப்படுகிறது; அதற்கான சிகிச்சையே வேறு. நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் பலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் டெல்மிசார்டனோடு சேரும்போது பொட்டாசியம் ஏறலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தம் இறங்கவில்லை, அல்லது அந்த மருந்துகள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், உங்கள் டாக்டர் சொல்வது நியாயமான வழிதான். சிறுநீரகத் தமனியில் அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு போங்கள். செய்த மறுநாளே பிபியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இறங்குவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அப்போதைய வீட்டு அளவுகளை வைத்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார்.