அவர்கள் தெருவைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் மஞ்சளும் கரும்பும் பயிர் செய்கிறார். வரும் மே மாதம் ஜெர்சி சிட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறோம். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை நாட்களில் நேரம் கிடைக்காது. நியூயார்க்கில் உள்ளூர்க்காரர்களே காசு வாங்காமல் தங்கள் பகுதியைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று தோழி ஒருவர் சொன்னார். "காசு வாங்காமல் யார் காட்டுவார்கள்? ஏதோ வில்லங்கம் இருக்கும்" என்கிறார் கணவர். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தடுமாறுவேன். அவருக்கு முழங்கால் வலி. நம்பிப் போகலாமா? எதைக் காட்டச் சொல்வது? அவர்களுக்கு நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

டீச்சருக்கு வணக்கம்.

நம்பிப் போகலாம். உங்கள் கணவருடைய சந்தேகத்திலும் தவறில்லை. பழனி அடிவாரத்தில் "சும்மா காட்டுகிறேன், வாங்க" என்று கூடவே வருகிறவர் எந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார் என்று அறிந்தவர்கள் நாம். அதனால் நியூயார்க் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை முதலில் அவருக்கே விளக்கிச் சொல்லுங்கள். வாசலில் நின்று ஆள் பிடிக்கும் வேலை அங்கே இல்லை.

அந்த அமைப்பின் பெயர் பிக் ஆப்பிள் கிரீட்டர். லின் புரூக்ஸ் என்ற நியூயார்க் பெண்மணி 1992-இல் தொடங்கியது. அந்த நாளில் வெளியூர்க்காரர்களுக்கு நியூயார்க் என்றாலே திருட்டு, வழிப்பறி, கொள்ளைச் செலவு என்ற நினைப்புத்தான். அங்கே குடியிருக்கும் சாதாரண மனிதர் ஒருவரோடு இரண்டு மணி நேரம் நடந்தால் அந்த நினைப்பு மாறிவிடும் என்று அவர் நம்பினார். அந்த வழியைப் பிறகு சிகாகோ, பாரிஸ் என்று பல நகரங்கள் பின்பற்றின. இன்று அவற்றுக்கெல்லாம் உலக அளவில் ஒரு கூட்டமைப்பும் இருக்கிறது. காட்டுகிறவர் தன்னார்வலராக இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது, ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது, யார் வந்தாலும் பேதம் பார்க்காமல் வரவேற்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். நியூயார்க்கில் டிப்ஸ் வாங்கவும் அனுமதி இல்லை.

நீங்கள் யார், எத்தனை பேர், எந்தெந்த நாட்களில் இருப்பீர்கள், என்ன மொழி பேசுவீர்கள், எதில் ஆர்வம் என்று இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துப் பொருத்தமான ஆளை அலுவலகம் தேடுகிறது. தன்னார்வலர்களை நேரில் பேசிப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆள் அமைந்ததும் அவரே உங்களுக்கு எழுதி நாளையும் இடத்தையும் உறுதி செய்வார். பிறகு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் நடந்தும், சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் போவீர்கள். ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் உங்கள் செலவு. இதற்கு மேல் யாராவது பணமோ, பாஸ்போர்ட் விவரமோ, வங்கி எண்ணோ கேட்டால் அது இந்த அமைப்பு இல்லை, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"இலவசச் சுற்றுலா" என்ற பெயரில் அந்த நகரில் வேறொன்றும் உண்டு. இருபது முப்பது பேரைச் சேர்த்து நடத்திக்கொண்டு போவார்கள், முடிவில் விரும்பியதைக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் மோசடி ஏதும் இல்லை. அந்த வழிகாட்டிகளுக்கு டிப்ஸ்தான் பிழைப்பு, ஆகவே அதில் போனால் கொடுக்காமல் வராதீர்கள். உங்கள் தோழி சொன்னது அதுவல்ல என்பதற்காகச் சொன்னேன். சுதந்திர தேவி சிலைக்குப் படகு ஏறும் பேட்டரி பூங்காப் பக்கம் டிக்கெட் விற்பதாக வழிமறிப்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சிலையைத் தண்ணீரிலிருந்து பார்த்தால் போதும் என்றால் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் அரசுப் படகில் ஏறுங்கள். அதற்குக் கட்டணமே இல்லை.

எதைக் காட்டச் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்விகளில் முக்கியமானது. இதில்தான் நம்மவர்கள் பலரும் கிடைத்த வாய்ப்பை வீணாக்குகிறார்கள். டைம்ஸ் சதுக்கம், எம்பயர் ஸ்டேட் கட்டடம் என்று படிவத்தில் எழுதிவிடாதீர்கள். அவற்றை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிவிடுவாள். காட்டாவிட்டாலும் நீங்களே போய்விடலாம். தன்னார்வலரிடம் கேட்க வேண்டியது அவர் குடியிருக்கும் பகுதியை: காலையில் ரொட்டி வாங்கும் கடை, துணி துவைக்கும் இடம், வாடகை ஏறியதால் காலி செய்து போன பக்கத்து வீடு, பிள்ளை படித்த பள்ளி. இதெல்லாம் எந்தச் சுற்றுலா பஸ்ஸிலும் ஏறாது.

கோயம்புத்தூருக்கு ஒருவர் வந்து உங்களிடம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மருதமலைக்கு வழி எவரும் சொல்வார்கள். ஆனால் காலை நேரத்தில் ரங்கை கவுடர் வீதிக்குள் அவரை அழைத்துப்போக ஊர் தெரிந்த ஒருவர் வேண்டும். மிளகாய் மூட்டை இறங்கும் நேரத்தில் தும்மாமல் அந்த வீதியைக் கடக்க முடியாது. எந்த மண்டியில் எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கடைக்காரர் தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிறார் என்றெல்லாம் கூட நடக்கிறவர் சொல்லச் சொல்ல, வெறும் நெரிசலாக இருந்த தெரு ஊராக மாறுகிறது. நியூயார்க்கில் உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எந்தப் பகுதி என்று முடிவு செய்ய முடியாவிட்டால் குயின்ஸ் என்று எழுதுங்கள். நகரின் மையப் பகுதியான மன்ஹாட்டனிலிருந்து 7-ஆம் எண் ரயிலில் ஏறினால் ஆற்றுக்கு அடியில் போய் அந்தப் பக்கம் தரைக்கு மேலே வந்துவிடும். அதன் பிறகு வெகுதூரம் இரும்புத் தூண்கள் மேல் ஓடுகிறது. ஜன்னலோரம் நின்றால் வீட்டு மொட்டை மாடிகளும் கடைப் பலகைகளும் கண் மட்டத்தில் வரும். 74-ஆம் வீதி நிலையத்தில் இறங்குங்கள். அந்தப் பகுதிக்கு ஜாக்சன் ஹைட்ஸ் என்று பெயர். 74-ஆம் வீதியில் சேலைக்கடை, நகைக்கடை, வெள்ளரிக்காயும் வெண்டைக்காயும் குவித்த மளிகை. அடுத்த வீதிக்குத் திரும்பினால் வங்காள எழுத்தில் பலகைகள், மீன் கடை, வெற்றிலை. இன்னும் கொஞ்சம் நடந்தால் திபெத்தியர்கள் மோமோ விற்கிறார்கள். ரயில் பாதைக்கு அடியில் ரூஸ்வெல்ட் அவென்யூவில் கொலம்பிய நாட்டு ரொட்டிக் கடைகள். தலைக்கு மேல் ரயில் போகும்போது தெருவே பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இத்தனை பேர் ஏன் இந்த ஒரு நிலையத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள் என்று உங்களோடு வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் அந்தக் கேள்விக்கே போய்விடும்.

அதே ரயிலின் கடைசி நிறுத்தம் ஃபிளஷிங். அங்கே இறங்கினால் எங்கு பார்த்தாலும் சீன எழுத்து. அங்கிருந்து சற்றுத் தள்ளி பௌன் வீதியில் 1977-இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில் இருக்கிறது. கோயிலின் கீழ்த்தளத்து கேண்டீனில் தோசை கிடைக்கும். இதைச் சொல்வது உங்களுக்கு ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் இல்லை. கைம்மாறு பற்றிக் கேட்டிருந்தீர்களே, அதற்கு என் பதில் இந்தக் கோயில்தான். சுற்றி முடித்து நேரம் இருந்தால் உங்களோடு வந்தவரை, விருப்பம் கேட்டுக்கொண்டு, அங்கே அழைத்துப்போங்கள். செருப்பை எங்கே விடுவது, தோப்புக்கரணம் எதற்கு, சிதறுகாய் என்றால் என்ன என்று நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். பிறகு கீழே போய் ஒரு தோசை வாங்கிக் கொடுங்கள். ரூபாய் நோட்டை நீட்டினால் சங்கடப்படுகிறவர் சாப்பாட்டுக்கு அழைத்தால் பெரும்பாலும் சங்கடப்பட மாட்டார். பணமாகத் தந்தே தீர வேண்டும் என்று தோன்றினால் அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம். அது உங்கள் விருப்பம், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

உங்கள் கணவருக்கு இதெல்லாம் அவ்வளவாகப் பிடிக்காமல் போகலாம். அவர் விவசாயி என்பதை மறக்காமல் படிவத்தில் எழுதுங்கள், 'மஞ்சள், கரும்பு' என்று பயிரின் பெயரோடு. ஆர்வம் என்ற இடத்தில் 'உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தை' என்று போடுங்கள். மன்ஹாட்டனில் யூனியன் சதுக்கத்தில் 1976 முதல் அப்படி ஒரு சந்தை நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடுகிறது. விளைவித்தவர்தான் விற்க வேண்டும், வாங்கி விற்கும் இடைத்தரகருக்கு இடம் இல்லை. 1999-இல் நம் மாநிலத்தில் உழவர் சந்தை வந்தபோது என்ன நோக்கம் சொன்னார்களோ அதே நோக்கம்தான். மே மாதத்தில் கீரை வகைகளும் நாற்றுத் தொட்டிகளும் அதிகம் இருக்கும், ஜூனில் ஸ்ட்ராபெரி வரும். விலை யார் வைப்பது, வண்டி வாடகை எவ்வளவு, மிஞ்சியதை என்ன செய்வார்கள் என்று அவர் கேட்க ஆரம்பித்தால் நீங்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். எதிரில் இருப்பவர் உங்களைச் சோதிக்க வரவில்லை. படிவத்திலேயே 'மெதுவாகப் பேசினால் புரியும்' என்று எழுதிவிடுங்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றும் கேட்கலாம், கிடைப்பது அமைகிற ஆளைப் பொறுத்தது. கிடைக்காவிட்டால் வருந்தவும் வேண்டாம், தமிழர் யாரும் துணைக்கு இல்லாத அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் பேசும் ஆங்கிலம் உங்களுக்கே வியப்பாக இருக்கும். புறப்படும் முன் ஊர்ப் படங்களைக் கைப்பேசியில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் வெட்டும் வயல், கிழங்கு வேகவைக்கும் இடம், களத்தில் காயும் குவியல், கொடிவேரியில் தண்ணீர் விழுவது. வார்த்தை நின்றுபோகும் இடத்தில் படத்தைக் காட்டலாம். மஞ்சளைப் பொடியாக மட்டுமே பார்த்த ஊரில், அது மண்ணுக்கு அடியில் விளைகிறது என்பதே பலருக்குச் செய்தி. இந்த அமைப்புகள் எதிர்பார்ப்பதும் இருபக்கமும் பேசிக்கொள்ளும் நடையைத்தான். நீங்கள் பேசாமல் தலையாட்டிக்கொண்டே வந்தால் அவருக்கும் சலிப்பாக இருக்கும்.

முழங்கால் வலியை மறைக்காதீர்கள். நியூயார்க் சுரங்க ரயில் மிகப் பழையது, பெரும்பாலான நிலையங்களில் இன்னும் லிப்ட் கிடையாது, படிதான். 'ஒரு மாடிப் படி ஏறலாம், அதற்கு மேல் முடியாது. அரை மணி நடந்தால் உட்கார வேண்டும்' என்று அளவோடு எழுதுங்கள். 'கொஞ்சம் வலி' என்று எழுதினால் அவர்களால் எதையும் திட்டமிட முடியாது. நான் மேலே சொன்ன ஜாக்சன் ஹைட்ஸ் நிலையத்திலும் ஃபிளஷிங் நிலையத்திலும் லிப்ட் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். இன்னொரு பகுதி பார்க்க ஆசைப்பட்டால் இடையில் நான்கைந்து நாள் விட்டு நீங்களே ரயிலேறிப் போங்கள். முதல் நடைக்குப் பிறகு அந்தத் துணிவு வந்திருக்கும்.

உங்கள் மகள் இருப்பது ஜெர்சி சிட்டி, நியூயார்க் நகர எல்லைக்கு வெளியே. ஆகவே வீட்டுக்கு வந்து அழைத்துப்போகும்படி கேட்காதீர்கள். ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ஓடும் பாத் (PATH) ரயிலில் 33-ஆம் வீதி நிலையம் வரை வந்துவிடுகிறோம் என்று எழுதுங்கள். ஒருமுறை மகளோடு அந்த வழியில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். அமெரிக்க எண் உள்ள கைப்பேசி ஒன்று கட்டாயம் வேண்டும், நீங்கள் வழி மாறினால் அவர் கூப்பிட வேண்டுமே. போகும் இடத்தையும் வருகிறவர் பெயரையும் மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த ஏற்பாடு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஜப்பானில் தன்னார்வ வழிகாட்டிகளுக்கு உங்களோடு வரும் ரயில் கட்டணமும் நுழைவுச் சீட்டும் மதியச் சாப்பாடும் நீங்கள் கொடுப்பதுதான் வழக்கம். மகன் அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

மகளை இப்போதே அமைப்பின் இணையதளத்தைப் பார்த்து, உங்கள் தேதிகளுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு வாரம் முன்னதாக அனுப்புவது நல்லது. கோடையில் கேட்பவர்கள் அதிகம், தன்னார்வலர்கள் குறைவு. ஆகவே ஒரே தேதியைப் பிடித்துக்கொள்ளாமல் மூன்று நான்கு நாட்களைக் கொடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரம் தூக்கம் இரவு பகல் மாறிக் கிடக்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். நாள் உறுதியான பிறகு உடம்புக்கு முடியாமலோ மழையாலோ போக முடியாது என்று தெரிந்தால், தெரிந்த நேரத்திலேயே அவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் தன் விடுமுறை நாளை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பார்.