பழைய பத்திர வாசகத்தை அப்படியே நகலெடுக்கலாமா?

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அப்பா 1962-ல் வாங்கிய 45 சென்ட் புஞ்சையை மகனுக்கு செட்டில்மென்ட் எழுத வேண்டும். பழைய கிரயப் பத்திரத்தின் வாசகம் பாதி புரியவில்லை. அப்படியே எழுதச் சொல்லலாமா?

சொத்து விவரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். வழக்கு முளைப்பது பெரும்பாலும் செக்குபந்தியில்தான், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில். 'வண்டிப்பாதைக்கு மேற்கு, ஏரிக்கால்வாய்க்கு வடக்கு' என்று இருந்தால், உங்கள் நிலம் பாதைக்கு மேற்கே இருக்கிறது. பாதை உங்களுக்குக் கிழக்கே. இதை அட்டவணையாக மாற்றும்போது 'மேற்கு: வண்டிப்பாதை' என்று தட்டிவிடுகிறார்கள். நிலமே திரும்பிப் படுத்துவிடுகிறது! பரப்பும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருவதால், இந்தப் பிழை லேசானதல்ல. 'கிழக்கில் வண்டிப்பாதை, தெற்கில் ஏரிக்கால்வாய்' என்று 'இல்' போட்டு எழுதுங்கள். பக்கத்து நிலம் கைமாறியிருந்தால் பழைய பெயரையும் இப்போதைய பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

அடுத்தது ௸. 'மேற்படி' என்பதன் சுருக்கம். 'ஷை' என்றும் எழுதுவார்கள். ஒரே ஆள் வரும் பத்தியில் தொல்லையில்லை. அப்பா, மகன், பக்கத்து நிலக்காரர் மூவரும் வந்தபின் 'ஷையார்' என்றால் யார்? பெயரையே எழுதிவிடுங்கள். அழகு குறையும், குழப்பமும் குறையும்.

'நிதி நிட்சேப ஜல தரு பாஷாண...' என்று ஓடும் வரி மந்திரமல்ல. புதையல், நீர், மரம், கல், இனி வரக்கூடிய பலன் எல்லாம் நிலத்தோடு சேரும் என்பதே அதன் சாரம். இருந்தால் கெடுதலில்லை, ஆனால் கிணற்றுப் பங்கையும் வழிப்பாத்தியத்தையும் (பாதையில் போய்வரும் உரிமை) அது தானாகத் தந்துவிடும் என்று நம்பாதீர்கள். 'கிணற்றில் பாதிப் பங்கு' என்று தனியாக எழுத வேண்டும்.

பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா' என்றிருக்கும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்தில். இரண்டையும் குறிப்பிடுங்கள். 45 சென்ட் சுமார் 18.2 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர்), பட்டாவில் உள்ள ஹெக்டேர் அளவையும் இன்றைய சர்வே உட்பிரிவு எண்ணையும் அருகிலேயே போடுங்கள்.

கையெழுத்துக்கு முன் அடித்தல் திருத்தல் இருந்தால் அதனருகில் எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். பதிவான பிறகு பிழை தெரிந்தால் பிழைத்திருத்தல் பத்திரம்தான் வழக்கமான வழி.