வரிக் கணக்கு கொடுத்த பிறகு வந்த 1042-எஸ்: இனி என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் இந்திய மாணவன் நான். 2024-ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கை மார்ச் மாதமே வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவத்தில் தாக்கல் செய்துவிட்டேன். பல்கலைக்கழக வேலையில் கிடைத்த 9,000 டாலர் சம்பளத்தை மட்டும்தான் காட்டினேன். ரீஃபண்டும் வந்துவிட்டது. மே மாதம் பல்கலைக்கழகம் 1042-எஸ் என்று ஒரு வரிப் பிடித்தத் தாளை அனுப்புகிறது. அதில் உதவித்தொகை 3,000 டாலர், வரிப் பிடித்தம் 420 டாலர். "சின்னத் தொகைதானே, கண்டுகொள்ளாதே" என்கிறான் அறை நண்பன். விசாவுக்கு ஏதும் ஆகிவிடுமா?

பதில்: நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களுக்கு வந்த 1042-எஸ்ஸின் இன்னொரு பிரதி அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போயிருக்கும். நீங்கள் பேசாமல் இருந்தாலும் அந்தத் தாள் பேசும். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லும் கணக்குப்படி இதில் பணம் தரவேண்டியது நீங்கள் இல்லை, அவர்கள்தான்.

எப்படி என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு (வருமானத்திலிருந்து வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதைத் தருகிறது. தனி நபருக்கு 2024-இல் அது 14,600 டாலர். உங்கள் சம்பளமும் உதவித்தொகையும் சேர்ந்தே 12,000-தான். வரி பூஜ்யம், பிடித்த 420 டாலரும் உங்களுக்கே. வரி பாக்கி இல்லாததால் அபராதமும் இல்லை. மார்ச்சில் கொடுத்த படிவத்தை எடுத்து 12-ஆம் வரிசையைப் பாருங்கள். இந்தக் கழிவை அப்போது கோராமல் விட்டிருந்தால் சம்பளத்தில் பிடித்ததும் சேர்ந்து வரும். பலரும் விட்டுவிடுகிறார்கள்.

1042-எஸ்ஸை மார்ச் 15-க்குள் அனுப்பியிருக்க வேண்டும், தாமதம் பல்கலைக்கழகத்துடையது. ஆனாலும் தாள் வந்தாலும் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதனால் "எனக்கு அனுப்பவே இல்லை" என்ற வாதம் ரொம்ப தூரம் போகாது.

திருத்துவதற்கு முன் அந்தத் தாளையே ஒருமுறை சரிபாருங்கள். மேலே ஆண்டு 2024-தானா, பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் சரியா, முதல் கட்டத்தில் உதவித்தொகைக்கான 16 என்ற குறியீடு இருக்கிறதா, 10-ஆம் கட்டத்தில் 420 இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போன உதவித்தொகைக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குத் தந்ததற்கு உண்டு. கட்டணத் தொகையும் தவறி உள்ளே சேர்ந்திருந்தால் முதலில் பல்கலைக்கழகத்தில் சொல்லித் திருத்திய தாளை வாங்குங்கள். தப்பான தாளை வைத்துத் திருத்தினால் இன்னொரு திருத்தம் செய்ய நேரும்.

சரி, திருத்தும் படிவம் 1040-எக்ஸ். புதிதாக ஒரு 1040-என்ஆர் மட்டும் நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். ஏற்கனவே வந்த கணக்கின் மறுபிரதி என்று அது எங்காவது தேங்கிக் கிடக்கும். காகிதத்தில் அனுப்பும்போது 1040-எக்ஸின் முதல் பக்கத்தில் பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் தவிர வேறெதுவும் நிரப்ப வேண்டாம். விளக்கம் கேட்கும் பகுதியில் ஒரே வாக்கியம் போதும்: 'தாக்கல் செய்த பிறகு 1042-எஸ் கிடைத்தது, 3,000 டாலர் உதவித்தொகையையும் 420 டாலர் வரிப் பிடித்தத்தையும் சேர்க்கிறேன்.' கதை எழுத வேண்டாம். அப்புறம் முழுத் தொகைகளுடன் புதிய 1040-என்ஆர் ஒன்றைத் தயாரித்து, அதன் தலையில் 'திருத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, 1040-எக்ஸின் பின்னால் வையுங்கள். உதவித்தொகை, 'ஷெட்யூல் 1' என்ற அட்டவணையின் 8ஆர் வரிசையில் வரும், 420 டாலர் 1040-என்ஆரின் 25ஜி வரிசையில் வரும். 1042-எஸ் நகலை இணைத்து, கையெழுத்திட்டு, டெக்சாஸ் மாநில ஆஸ்டின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கையெழுத்தை மறந்தால் திரும்பி வந்துவிடும். வெளிநாட்டு மாணவர் அமெரிக்காவில் தங்கிய நாட்களைக் காட்டும் 8843 படிவத்தை முதலில் கொடுக்காமல் விட்டிருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஐஆர்எஸ் இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம். திருத்தக் கணக்குக்குப் பொதுவாக 8 முதல் 12 வாரம், சில நேரம் 16 வாரம் பிடிக்கும். 1042-எஸ் பிடித்தத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். முன்னதாகத் தாக்கல் செய்திருந்தாலும் ஏப்ரல் 15 அன்று செய்ததாகவே கணக்கு என்பதால், ரீஃபண்ட் கேட்க உங்களுக்கு 2028 ஏப்ரல் 15 வரை அவகாசம் இருக்கிறது. அதற்காக 2028 வரை காத்திருக்காதீர்கள்.

விசா பயத்துக்கு வருகிறேன். விடுபட்ட வருமானத்தை நீங்களாக முன்வந்து சேர்ப்பது எஃப்-1 மீறல் ஆகாது. சிக்கல் வருவது வேறு இடத்தில். மென்பொருள் சொன்னது என்று உள்ளூர்வாசிகளுக்கான 1040 படிவத்தில் தாக்கல் செய்து, 2,500 டாலர் வரையிலான கல்விச் சலுகையையும் வாங்கிக்கொள்கிறார்களே, அவர்கள்தான் உடனே கணக்கைத் திருத்தி, வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். தாமதமாகக் கட்டும் வரிக்கு மாதம் அரை சதவீத அபராதமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் நண்பர் எந்தப் படிவத்தில் கொடுத்தார் என்று கேட்டுப் பாருங்களேன்.

வேலை கொடுத்தவர் தந்த சம்பளச் சான்றான டபிள்யூ-2வையும் எடுத்துப் பாருங்கள். 4, 6-ஆம் கட்டங்களில் தொகை இருந்தால், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகளைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகள் எஃப்-1 மாணவருக்கு அவை கிடையாது. அதை 1040-எக்ஸில் கேட்க முடியாது. முதலில் வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள், அவர் கைவிரித்தால் ஐஆர்எஸ்ஸிடம் 843 படிவத்தில் கேளுங்கள்.

மாநில வரிக் கணக்கையும் தனியாகத் திருத்த வேண்டும். டெக்சாஸ் போல வருமான வரியே இல்லாத மாநிலம் என்றால் அந்த வேலை மிச்சம். கலிபோர்னியா, அமெரிக்க மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்காது, அங்கே கணக்கு வேறு மாதிரி வரும். படிப்பு முடிந்து ஊர் மாறப் போகிறீர்கள் என்றால் 8822 படிவத்தில் புது முகவரியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஐஆர்எஸ் கடிதமெல்லாம் அந்த அறை நண்பர் கையில்தான் போய்ச் சேரும்.